வாய்க்கால்காரர் பார்த்த இலங்கை

இலங்கைக்குப் போய்வந்தோம் என்றால் எங்கள் ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடிப் பக்கம் எல்லாரும் முதலில் கேட்பது பீச் எப்படி என்றுதான். பீச் நன்றாகவே இருக்கிறது. டூர் கம்பெனிக்காரர்களின் நோட்டீசிலும் சாய்ந்த தென்னை, சிகிரியாக் குன்று, ஒன்பது வளைவுப் பாலம், ஒரு யானைக்குட்டி, இவ்வளவுதான் இருக்கும். ஆனால் வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற குடும்பம் அந்தத் தீவுக்குப் போனால் கண்ணில் படுகிற வரிசையே வேறு. மழை எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை, விழாத சீமைக்குத் தண்ணீரைக் கொண்டுபோனது யார் என்று கேட்டுக்கொண்டே சுற்றினால், நோட்டீசில் தனித்தனியாகக் கிடக்கும் இடங்கள் எல்லாம் ஒரே கதைக்குள் வந்துவிடுகின்றன.

எங்களுக்கு இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என் தாய்மாமா. கீழ்பவானிப் பாசனத்துக்காரர். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள் என்பதால், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். அதனால் பயணம் ஆடி மாதத்தில் அமைந்தது. இலங்கைக்கு ஆடியில் போகாதீர்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தென்மேற்குக் கரைக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு அது. நாங்கள் பார்த்த இலங்கையைப் பார்க்க ஆடியைவிட நல்ல மாதம் இல்லை.

தீவு மொத்தம் 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. நடுவில், சற்றுத் தெற்கே தள்ளி, மலை. உச்சி பிதுருதலாகலை, 2,524 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட நூறு மீட்டருக்குச் சற்று அதிகம் குட்டை. வைகாசி முதல் புரட்டாசி வரை அடிக்கும் தென்மேற்குக் காற்று இந்த மலையின் மேற்கு முகத்தில் மோதிக் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல். மலையைத் தாண்டி வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் காற்று வெறும் காற்றாகத்தான் போகிறது. அவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோறு. ஆனைமலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைந்துகொண்டிருக்கும்போது பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்குமே, அதே கணக்கு. சின்னக்கல்லாறும் தாராபுரமும் ஒரே மேகத்தைத்தான் பார்க்கின்றன.

ஒரு வித்தியாசம் உண்டு. ஆண்டுக்கு 1,750 மில்லிமீட்டருக்குக் கீழே பெய்கிற பகுதியை அவர்கள் உலர் வலயம் என்கிறார்கள். ஈரோட்டில் ஆண்டு மழையே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "இதையப் போயி காஞ்ச சீமைங்கறாங்களா? நம்மூருக்கு வந்து பாக்கச் சொல்லுங்" என்று சிரித்தார். கணக்கு அவ்வளவு எளிதில்லை. அங்கே பெய்வதில் பெரும்பகுதி சில மாதங்களிலேயே கொட்டிவிடும். மிச்ச மாதங்களில் வெயிலும் காற்றும் குளத்தை உறிஞ்சும்.

இந்தப் பிரிவினையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மலை ரயில் ஏறவேண்டும். கொழும்பிலிருந்து பதுளை போகும் பாதை. ஊட்டி ரயில்போல மீட்டர் கேஜும் பல்சக்கரமும் இல்லை. அகலப் பாதை, சாதாரண எஞ்சின், வளைந்து வளைந்து ஏறுகிறது. எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே தொங்கிப் படம் எடுப்பது எல்ல ஊர்ப் பக்கத்தில்தான். நான் சொல்வது அதற்கு முன்னால், பட்டிப்பொல நிலையம் தாண்டி வரும் குகை. பாதையின் உச்சி அங்கேதான், 1,898 மீட்டர். குகைக்குள் நுழையும்போது ஜன்னல் கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது, அத்தை சால்வையைத் தலைக்கு ஏற்றியிருந்தார். வெளியே வந்தால் பளீரென்று வெயில், காய்ந்த புல், கண்ணைக் கூசும் நீலம். ஓட்டு வீட்டு முகட்டில் விழுந்த மழை இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுவதுபோல, ஒரு குகை நீளத்துக்குள் பருவம் பிரிந்துவிட்டது. பாலக்காட்டில் மழையில் ஏறி வாளையாறு தாண்டி மதுக்கரையில் குடையை மடக்கியவர்களுக்கு இது புரியும். மாமாவுக்கு உடனே புரிந்தது. "கணவாய் இங்க குகையா வந்திருக்குதுங் மாப்ள" என்றார்.

அந்த முகட்டின் மேல்தான் ஹோர்ட்டன் சமவெளி. 1988 முதல் தேசியப் பூங்கா. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தலைமடை. விடியற்காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏற ஏறப் பனி மூடிவிடும். உள்ளே போனால் நீலகிரிதான் அப்படியே நிற்கிறது: குட்டை மரங்களின் சோலை, பாசி தொங்கும் கிளை, நடுவே புல்வெளி, சிவந்த பூப்பூக்கும் காட்டுப்பூவரசு, பயமில்லாமல் மேயும் கடமான். மனைவி வெளிப்படையாகவே கேட்டாள், இதற்கு அவலாஞ்சி போதாதா என்று. பாதி வழிவரை எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு உலக முடிவு என்கிற விளிம்புக்கு வந்தோம். மேடு சட்டென்று அறுந்து, ஏறத்தாழ 880 மீட்டர் கீழே போகிறது. பனி இரண்டு முறை விலகியது. கீழே தேயிலை, அதற்கும் கீழே மங்கலாக வறண்ட சமவெளி, ஆங்காங்கே தகடு பதித்த மாதிரி குளங்கள். கோடநாடு காட்சிமுனையில் நின்று மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறோம். இது அதைவிடச் செங்குத்து. எல்லாரும் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து வாய் பிளக்க, மாமா குளங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

எல்ல ஊரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தெமோதரை அருகே ஒன்பது வளைவுப் பாலம் அழகுதான். 1921இல் இரும்பு உத்தரம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியது. ஆனால் ரயில் வரும் நேரத்தில் பாலத்தைவிட செல்போன்கள்தான் தெரிகின்றன. பாலம் பார்க்கிற கூட்டத்தில் பாதி தெமோதரை நிலையத்துக்குப் போவதில்லை. அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்துக்கே அடியில் குகை வழியாகப் போகிறது. அதைப் பாருங்கள்.

தேயிலை மலைகளில் இன்னொன்றும் உண்டு. எங்கள் வேன் ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தமிழர். அவர் பாட்டனார் தலைமுறை திருச்சிப் பக்கமிருந்து தோட்டத்துக்கு வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரை தோட்டத்தில் தேயிலை போட்டார். இரண்டு வருஷத்தில் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்து காப்பியே அழிய, மலை முழுக்கத் தேயிலை ஆனது. தோண்டியது, நட்டது, பறித்தது எல்லாம் நம் ஆட்கள். 1964இல் சாஸ்திரி சிறிமா ஒப்பந்தம் போட்டு அவர்களில் லட்சக்கணக்கானவர்களை ஆளுக்கு ஒரு நாடாகப் பிரித்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர்தான் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். "எங்க சித்தப்பா குடும்பம் கோத்தகிரியிலதான் இருக்காங்க ஐயா. அங்கயும் இதே வேலைதான்" என்றார் ஓட்டுநர். காசு கொடுத்துக் கொழுந்து பறிக்கும் பெண்களோடு படம் எடுத்துக்கொள்வதற்கு ஒரு இடத்தில் வேன்கள் வரிசையில் நின்றன. எங்கள் வேன் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மலை இறங்கி வடக்கே போனால்தான் எங்கள் பயணத்தின் விஷயம் ஆரம்பித்தது.

சிகிரியாவைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. காட்டுக்கு நடுவே 200 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை. மேலே அரண்மனையின் அடித்தளம், நடுவில் ஓவியப் பெண்கள், பழங்காலப் பார்வையாளர்கள் பாட்டெழுதி வைத்த பளபளப்புச் சுவர், சிங்கப் பாதங்கள். 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. படிகள் 1,200 இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் அடம் பிடிக்க வேண்டாம். மாமா ஏறவில்லை. அவர் கீழே நீர்த்தோட்டத்திலேயே நின்றுவிட்டார். சமச்சீராக வெட்டிய தொட்டிகள், மண்ணுக்கடியில் ஓடும் கல் கால்வாய்கள், துளைபோட்ட வட்டக் கல்லில் நீரூற்றுகள். 1,500 வருஷத்துக்கு முந்தைய வேலை. மோட்டாரும் பம்பும் கிடையாது, மேட்டுத் தண்ணீரின் அழுத்தம் மட்டும்தான். நல்ல மழைக்காலத்தில் அந்த ஊற்றுகள் இன்றும் பீச்சுகின்றன. நாங்கள் போனபோது காய்ந்து கிடந்தன. மாமா துளைகளுக்குள் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் காவலர் ஒருவர் விசில் ஊதி நிறுத்தினார்.

இதைக் கட்டியவன் காசியப்பன். 477 முதல் 495 வரை ஆண்டவன். அப்பனைக் கொன்று அரசைப் பிடித்தவன். அந்த அப்பன் தாதுசேனன் பெரிய வாவிகளைக் கட்டியவன். கலா வாவி அவனுடையது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிற கதை இது: ஒளித்து வைத்த பொக்கிஷம் எங்கே என்று மகன் கேட்டு அனுப்புகிறான். கலா வாவிக்கு அழைத்துப்போங்கள், காட்டுகிறேன் என்கிறான் தாதுசேனன். போய், தண்ணீரில் இறங்கிக் குளித்து, கையால் அள்ளிக் காட்டி, என்னிடம் இருக்கும் செல்வமெல்லாம் இதுதான் என்கிறான். மகனுக்குக் கோபம். அப்பனைச் சுவரில் வைத்துப் பூசிவிடுகிறார்கள்.

சிகிரியாவுக்கு வருகிற பஸ்களில் பத்தில் ஒன்றுகூட கலா வாவிக்குப் போகாது என்று நினைக்கிறேன். மகன் கட்டிய கோட்டைக்கு டாலரில் டிக்கெட், அப்பன் கட்டிய குளத்துக்கு டிக்கெட்டே இல்லை. (இந்தியா போன்ற சார்க் நாட்டு பாஸ்போர்ட் காட்டினால் சிகிரியாவில் கட்டணம் குறைவு, மறக்க வேண்டாம்.) கரையில் போய் நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. மருத மரங்கள் தண்ணீருக்குள்ளேயே காலை ஊன்றி நிற்கின்றன. சற்றுத் தள்ளி அவுக்கணையில், ஒரே பாறையில் குடைந்த, 12 மீட்டருக்கும் உயரமான புத்தர் அதே வாவியின் பக்கமாக நிற்கிறார்.

கரையின் ஒரு முனையிலிருந்து ஜய கங்கை புறப்படுகிறது. யோத எல என்றும் சொல்கிறார்கள். 87 கிலோமீட்டர் ஓடி அனுராதபுரத்துத் திசா வாவியை நிரப்புகிற வாய்க்கால். முதல் 27 கிலோமீட்டரில், கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுதான் வாட்டம் (சரிவு). இந்த எண்ணைச் சொன்னபோது மாமா நம்பவில்லை. லெவல் கருவி வைத்து இன்று வேலை செய்கிறவர்களே அந்த வாட்டத்துக்குத் திணறுவார்கள் என்றார். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வாய்க்காலுக்கு ஒரு பக்கம்தான் கரை. மறுபக்கம் நிலத்தின் மேட்டையே கரையாக விட்டிருக்கிறார்கள். வழியில் மேட்டிலிருந்து வழியும் மழையும் உள்ளே வந்துவிடும், பள்ளமான இடத்தில் தண்ணீர் பரந்து சின்னக் குளமாக நிற்கும்.

நமக்கு இது புதிதில்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது, காளிங்கராயன் வாய்க்கால் இருக்கிறதே. பவானி அணைக்கட்டில் கிளம்பி, பாம்பு போன தடத்தில் வெட்டியதாகக் கதை சொல்லிக்கொண்டு, வளைந்து வளைந்து 90 கிலோமீட்டர் கொடுமுடிப் பக்கம் போகிறது. 13ஆம் நூற்றாண்டு வேலை. இன்னும் 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. காளிங்கராயன் தன் வம்சத்தார் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சத்தியம் வைத்து பொள்ளாச்சி அருகே உள்ள ஊத்துக்குளிப் பக்கம் குடியேறினார் என்பது நம்மூர் வழக்கு. ஜய கங்கை அதற்கும் எண்ணூறு வருஷம் மூத்தது. மாமா சுருக்கமாகக் கணக்கை முடித்தார்: "வெட்டுனவன் எல்லாருமே வெனையத்தான் வாங்கிக் கட்டியிருக்கறானுங்."

மதகையும் பார்க்காமல் அவர் வரமாட்டார். பெரிய வாவிகளின் கரைக்குள், தண்ணீர்ப் பக்கமாக, கல்லால் கட்டிய சதுரக் கிணறு ஒன்று இருக்கும். பிசோகொட்டுவ. வாவியின் தண்ணீர் நேராகக் கரையைக் கடக்காமல் இந்தக் கிணற்றில் விழுந்து வேகம் அடங்கி, பிறகு குழாய் வழியே வெளியே போகும். கதவு ஏற்றி இறக்குவதும் இங்கேதான். ஆழமான குளத்தின் கரையை அரிக்காமல் தண்ணீர் எடுப்பதற்கு இதைவிட ஒழுங்கான ஏற்பாடு அந்தக் காலத்தில் வேறெங்கும் குறைவு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்களே வியந்திருக்கிறார்கள்.

சின்னக் குளங்களிலும் படிக்க நிறைய இருந்தது. ஒரு ஊர்க் குளத்தின் கலிங்கு வழிந்தால் அடுத்த ஊர்க் குளத்துக்கு, அது வழிந்தால் அதற்கடுத்ததற்கு என்று சரம் சரமாகப் போகிறது. கரைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு பட்டை மரமும் செடியும் விட்டு வைத்திருக்கிறார்கள். கரையில் கசிகிற உப்புத் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். நொய்யலிலும் நமக்கு இப்படிக் குளச்சங்கிலி இருந்தது, இருக்கிறது. உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் என்று. அதன் கடைசியில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி அதில் சாயக் கழிவைத் தேக்கினோம். இப்போது அத்திக்கடவு அவினாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குக் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து தண்ணீரை மோட்டார் வைத்து மேலேற்றுகிறோம். 2024இல் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் மழைத் தண்ணீர் தானாக வந்து சேர்கிற பாதைகள் அடைபட்டுக் கிடக்கும்போது கரண்டு பில் கட்டி நிரப்புகிறோம் என்பதும் உண்மை.

யானை பார்க்கவேண்டுமென்றால் மின்னேரியா. மகாசேனன் கட்டிய வாவி, 1,700 வருஷம் பழையது. கட்டியவனையே தெய்வமாக்கி அந்த ஊரார் கும்பிடுகிறார்கள். ஆடி, ஆவணியில் வாவி வற்ற வற்ற, ஒதுங்கிய தரையில் பசும்புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்திருக்கும். அதனால் யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும், நல்ல வருஷத்தில் இருநூறுக்கு மேல் சேரும். மாலை நான்கு மணிக்குப் பிறகு ஜீப்பில் போனோம். குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு மேய்கிற காட்சியைப் பார்த்து அத்தை கை கூப்பிவிட்டார். பவானிசாகர் அணையின் நீர்ப்பிடிப்பில் கோடைக்கு இறங்குகிற யானைகளைச் சத்தி ரோட்டிலிருந்து பார்த்தவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். எண்ணிக்கை நினைப்பை மாற்றியது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே மொரகஹகந்தையில் புது அணை வந்த பிறகு, வற்றவேண்டிய மாதத்தில் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வருகிறது. வாவி நிறைந்திருந்தால் புல் முளைக்கத் தரை இல்லை. ஜீப் ஓட்டுநர் இதைக் குறையாகச் சொன்னார். மாமா உடனே கட்சி கட்டினார்: "கொளம் நெறைஞ்சா கொறைங்கறது எந்த ஊரு நாயமுங்?" காட்டுக்காரருக்கும் வயல்காரருக்கும் நடுவில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் விடும் தேதியை வகுக்க முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. குளம் கட்டிய காலத்திலிருந்து வற்றுவதும் நிறைவதும் சேர்ந்ததுதான் அந்தப் புல்வெளி.

கடலுக்கும் போனோம், திருகோணமலைப் பக்கம். ஆடியில் தென்மேற்குக் கரையில் அலை ஆளை இழுக்கும், நிலாவெளியில் அதே நாளில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மார்கழி, தையில் போகிறவர்கள் இதை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒரு சூடு. கோணேசர் கோயில் கடலுக்குள் துருத்திய பாறை மேல். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தது, இப்போது நிற்பது பிறகு எழுப்பியது. நம் பவானிக் கூடுதுறையைப் பாடிய சம்பந்தர்தான் கோணமலையையும் பாடியிருக்கிறார். அத்தை இரண்டு பதிகத்தையும் அங்கேயே பாடிவிட்டார். சாப்பாட்டில் சொல்லவேண்டியது எருமைத் தயிரும் கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாணியும். நாட்டுச் சர்க்கரை ஊர்க்காரரான மாமா இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார், அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

மாமா ஊருக்குக் கொண்டுவந்தது இதிலெல்லாம் எதுவும் இல்லை. கலா வாவிக் கரையில் ஒரு சிங்கள விவசாயியோடு, ஓட்டுநரை நடுவில் வைத்து, நெடுநேரம் பேசினார். சிறுபோகத்தில் வாவியில் தண்ணீர் குறைவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்பது மாமாவின் கேள்வி. நம் கீழ்பவானியில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகு, மற்றது இரட்டைப்படை மதகு, ஒன்றுக்கு நெல், ஒன்றுக்குப் புன்செய். அங்கே பெத்ம என்று ஒரு வழக்கம். போகத்துக்கு முன் எல்லாரும் கூடி, இருக்கிற தண்ணீருக்கு இவ்வளவு நிலம்தான் பாயும் என்று முடிவு செய்கிறார்கள். அந்த நிலம் மதகை ஒட்டிய தலைமடையில் இருக்கும். அதை அந்தப் போகத்துக்கு மட்டும் கடைமடைக்காரர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். உடைமை மாறுவதில்லை, உழுவது மாறுகிறது.

"தன்னோட வயல அடுத்தவனுக்கு உடறானுங்களா?" என்று மாமா மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றுதான் பதில் வந்தது. சண்டை வராதா என்றார். வரும், ஆனாலும் கூட்டத்தில் முடிவானால் முடிவானதுதான் என்று அந்த ஆள் சொன்னார்.

தண்ணீர் விட்ட வாரத்தில் டீக்கடையில் மாமா இதை விளக்கிக்கொண்டிருந்தார். சிகிரியாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, யானையும் இல்லை. வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைமடையில் நிலம் வைத்திருக்கும் பங்காளி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப நல்ல ரோசனைங் மாமா. நம்ம சங்கத்துக் கூட்டத்துல பேசலாமுங். எனக்கு மட்டும் அன்னைக்கு ஒரு கண்ணாலம் இருக்குதுங்."